தானா எரியாத கேஸ்

பானட்டைத் தூக்கி நிறுத்தியாச்சு, இனி எனக்கு முன்னால வெள்ளைத் தகரம் மட்டுந்தான், தகரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவால ஒரு விரக்கடை சந்து, அந்தச் சந்துல அவரு கை வருது, போகுது, ஸ்பேனரு வருது, போகுது. அவருன்னா என்ற வூட்டுக்காரரு, தண்டபாணி, கணபதிங்கற ஊர்ல லேத்துப் பட்டறை வெச்சிருக்கறவரு. வண்டிக்கு வெளிய நிக்கிற வரைக்கும் புலி, ஸ்டியரிங்கு முன்னால ஒக்கார வெச்சா நாப்பதைத் தாண்ட மாட்டாரு, பின்னால வர்றவனெல்லாம் ஹாரன் அடிச்சே தொண்டை வத்திப் போவான். அதனால ஓட்டறது நானு. ரெண்டு வருசமா இந்தப் பழைய எஸ்டீம் காரை ரேஸுல நாந்தான் ஓட்டறேன், பொம்பளைங்க ரேஸுல ஒருக்கா ரெண்டாவதா வந்திருக்கறேன், கப்பு டிவி மேல இருக்குது, அதுக்கு மேல தூசி இருக்குது. நாளைக்கு மறுபடி ரேஸு. பொம்பளைங்க ரேஸு இல்ல, எல்லாரும் ஓட்டறது, கேஸு அடிக்கலாம்னு விட்டுருக்கற பெரிய ரேஸு. அதுக்காகத்தான் இந்த நைட்ரஸ் கேஸு, எஞ்சினுக்குள்ள பீச்சினா வண்டி பிச்சுக்கிட்டுப் போகுமாம், அதுக்காகத்தான் இந்தக் காத்தால நேரத்துல மூடிக் கெடக்கற மில்லுக்குள்ள வந்து நிக்கறோம். மில்லு மொதலாளி பையன் அவருக்குக் கூட்டாளி, கேட்டுச் சாவியைக் குடுத்துட்டாரு. லாரி போறதுக்குன்னு போட்ட ரோடு, நூல் புடிச்ச மாதிரி நேரா கெடக்குது, ரெண்டு பக்கமும் வேலிக்கருவை. எல்லாஞ் சரி. ஆனா புதங்கெழமை சோத்துல கை வெச்ச நேரம் பாத்து, "வளரு, கேஸு வெச்சதுக்கப்புறம் இது வேற வண்டி. ஞாயித்துக்கெழமை கிரியே ஓட்டட்டும்"னு சொன்னாரு பாருங்க. கிரி யாருன்னா, யாரு கூப்புட்டாலும் போய் அவங்க வண்டியை ஓட்டிக் குடுக்கற பையன், நல்ல பையன், நல்லா ஓட்டுவான், அதுக்கு நானென்ன பண்றது? தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டேன். ரெண்டு நாளு பேச்சு வார்த்தை கெடையாது, பொறகு அவரே எறங்கி வந்து ஒரு ஒப்பந்தம் போட்டாரு. சனிக்கெழமை மில்லுல ஒரே ஒரு தடவை கேஸு அடிச்சுக் காட்டோணும். "உன்ற கை நடுங்குச்சு, இல்ல சித்தெ தயங்கினீன்னா, சீட்டு கிரிக்கு. சரியா?" சரின்னேன். வேற என்ன சொல்றது.

சந்துல இப்ப கையைக் காணோம், மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குது, குனிஞ்சு எதையோ முறுக்கறாரு. தொந்தி இடிக்கும், அதான் மூச்சு. எனக்கு ஸ்டியரிங் மேல இருக்கற அந்தச் செவப்புப் பட்டன் மேலயே கண்ணு. காலிங்பெல் பட்டன் மாதிரி இருக்குது, அமுத்தினா யாரு வந்து கதவைத் தெறப்பாங்கன்னு இருக்குது எனக்கு. பயம் இல்லாம இல்ல, ஆனா பயத்தை விட இதுதான் பெருசா இருக்குது, என்ன ஆகும்ங்கற இது. ஏன்னா இந்தக் கேஸை எனக்குப் பதினாறு வருசமாத் தெரியும். அவருக்கு முன்னாலயே தெரியும். பீளமேட்டுல ஆஸ்பத்திரில ஆபரேஷன் தேட்டர்ல மயக்க மருந்து டெக்னீசியன் நானு, தெனமும் காத்தால மொத வேலை இதே கேஸோட மூஞ்சில முழிக்கிறது. அதே நீலச் சிலிண்டரு. டிக்கில படுக்க வெச்சு பட்டை போட்டு முறுக்கியிருக்காரே, அந்தப் பாட்டிலும் நீலம், பெங்களூர்ல இருந்து வந்த பொட்டியைப் பிரிச்சதும் எனக்கு சிரிப்பா வந்துருச்சு, ஏண்டா நீ இங்கயும் வந்துட்டியான்னு. பொட்டி வர்றதுக்கு முன்னால இந்த மனுசன் என்ன கேட்டாருங்கறீங்க, "உங்க ஆஸ்பத்திரில சும்மாதான கெடக்குது, ஒரு சிலிண்டரு"ன்னு இழுத்தாரு. கையை ஒடிச்சு அடுப்புல வெச்சுப்புடுவேன்னு சொன்னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. ஆனா கேஸு ஒண்ணுதான். அங்க அது என்ன பண்ணும்னு தெரியும், மூஞ்சில மாஸ்க்கு வெச்சதும் மனுசங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாப் போவாங்க, ஒரு புரொபசரு கெட்ட வார்த்தையா அவுத்து விட்டாரு, ஒரு அம்மா "அடுப்பை அணைச்சனா, அணைச்சனா"ன்னு கேட்டுட்டே போச்சு, அணைச்சுட்டீங்கம்மான்னு நாந்தான் சொன்னேன். எந்திரிச்சதுக்கப்புறம் எங்க போயிருந்தீங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. கேட்டுக் கேட்டு எனக்கே சலிச்சுப் போச்சு. இப்ப எஞ்சினுக்குக் குடுக்கப் போறோம். எஞ்சினு என்னவாகும், மயங்குமா, தெளியுமா, அதுக்காச்சும் ஞாபகம் இருக்குமா? அவரைக் கேட்டா, "இது தானா எரியாதுடி, எரியறதை எரிய வைக்கும், அதுக்குள்ளாற இருக்கற ஆக்சிஜன் சூட்டுல பிரிஞ்சு வந்து பெட்ரோலை நல்லா எரிக்கும்"ங்கறாரு. தானா எரியாது, அடுத்தவங்களை எரிய வைக்கும். எங்க சின்ன மாமியாரு மாதிரி. வூட்டுக்கு வந்து ஒரு வாயி காப்பி குடிச்சுட்டுப் போவாங்க, போனதுக்கப்புறம் பாத்தா அண்ணந்தம்பி ரெண்டு பேரும் சட்டையைப் புடிச்சுட்டு நிப்பாங்க.

டிக்கில டொக்குன்னு ஒரு சத்தம், எப்ப பின்னால போனாரு இவரு? கண்ணாடில பாக்கறேன், டிக்கி தெறந்திருக்குது, குனிஞ்ச முதுகு தெரியுது, பாட்டில் வால்வைத் தெறக்கறாரு. ஸ்ஸ்ஸ்ங்குது. அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. சீட்டுக்குக் கீழ போற பின்னல் குழாய்ல இப்ப அது வந்துட்டிருக்கும், என்ற காலுக்கு அடியில, வண்டிக்கு வயித்துல பாம்பு ஊர்ற மாதிரி. தரைல ஓட்டை போட்டது, குழாயை சைலன்சர் பக்கம் போகாம ஒதுக்கிக் கட்டினது, எஞ்சினுக்குக் காத்து போற பைப்புல நாசில் மாட்டறதுக்குத் துளை போட்டது, எல்லாத்துக்கும் டார்ச்சு புடிச்சது நாந்தான், அவருக்கும் இது மொதத் தடவைதான, ஒவ்வொரு துளைக்கும் மூணு தடவை அளந்து, "சாமி, காப்பாத்து"ன்னு சொல்லித்தான் டிரில்லை வெப்பாரு. புரிஞ்சுக்கறதுக்கு ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல. பக்கத்துல பக்கத்துல ரெண்டு வால்வு. ஒண்ணு கேஸுக்கு, ஒண்ணு பெட்ரோலுக்கு. ஆக்சிலேட்டரைத் தரையோட மிதிச்சாத்தான் ஒரு குட்டி சுவிட்சு ஒத்துக்கும், ஒத்துக்கிட்டதுக்கப்புறம் இந்தப் பட்டனை அமுத்தினா ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல தெறக்கும், ரெண்டும் நாசிலுக்கு வந்து ஒண்ணா சேந்து உள்ள பீச்சும். எது எவ்வளவு போகோணும்ங்கறதுக்கு நாசிலுக்குள்ள ரெண்டு பித்தளை ஜெட்டு, மூக்குத்தித் திருகாணி சைஸு, நடுவுல ஓட்டை, பெட்ரோலுக்கு இருக்கற ஓட்டை ஊசி முனைதான். அவ்வளவுதான் சங்கதி. வால்வு மேல பாத்தனே, சந்தனப் பொட்டு, அதுக்கு மேல குங்குமம். பாட்டிலுக்குத் திருநீத்துல மூணு பட்டை போட்டு பெரிய பொட்டு, புதுப் பொண்ணாட்டம் படுத்துக்கெடக்குது டிக்கில. இந்தப் பட்டனுக்குக்கூட ஒரு பொட்டு, அமுத்தினா கட்டைவிரல்ல ஒட்டும். நேத்து வெள்ளிக்கெழமை, சாயந்தரம் பட்டறைல எல்லாச் சாமானையும் வாழையெலைல பரப்பி வெச்சு, குளிச்சுட்டு ஈரத்தோட வந்து, ஒவ்வொண்ணுக்கா வெச்சாரு, பாட்டிலு, குழாய், வால்வு ரெண்டு, சுவிட்சு, நட்டு, போல்ட்டு, நான் சூடத்தட்டைப் புடிச்சுட்டு நின்னு கால் வலிச்சு, "போதுங்க, நட்டுக்கெல்லாமா வெப்பாங்க"ன்னு கேட்டேன், காதுலயே வாங்கல, ஒண்ணு விடாம, எலையோட ஓரத்துல இருந்த அந்தத் துண்டு துக்காணி வரைக்கும், அந்தப் பித்தளை.

அந்தப் பித்தளைக்கும் வெச்சாரா? இருங்க. வெச்சாரா இல்லையா. எலை ஓரத்துல ரெண்டு பித்தளை இருந்துச்சு, மஞ்சளா மின்னிச்சு, மஞ்சளு மின்னினது பித்தளையா சந்தனமா? மோதிர விரலு அங்க போச்சு, எனக்குத் தெரியுது அந்த விரலு, போயி, தொட்டு, அடுத்ததுக்கு நகந்துச்சு. தொட்டுச்சு. காத்தால மாட்டறப்ப துணியில தொடச்சுட்டுத்தான் மாட்டினாரு, அதையும் பாத்தேன், ஆனா தொடச்சது மேலயா, ஓட்டைக்குள்ளயா? ராத்திரி பூரா காஞ்ச சந்தனம் கல்லு மாதிரி ஆயிரும், எங்கூட்டுச் சாமி படத்துல போன பொங்கலுக்கு வெச்சது இன்னும் சொரண்ட முடியாம இருக்குது. சீ, அதெல்லாம் இருக்காது, லேத்து புடிச்ச கை, பாக்காமயா மாட்டியிருப்பாரு. பாத்திருப்பாரு. இந்தக் காத்தாலயில ராகு காலத்துக்கு முன்னால முடிக்கோணும்னு பறந்தாரே, பாத்தாரா? கேஸு ஜெட்டுக்கு ஓட்டை பெருசு, அது அடைக்காது. அடைச்சா பெட்ரோலு ஜெட்டுதான் அடைக்கும். அப்ப கேஸு மட்டும் போகும். எங்க தேட்டர் மெஷின்ல ஆக்சிஜன் போகாம இந்தக் கேஸு மட்டும் போகவே போகாது, அப்பிடி ஒரு பூட்டு வெச்சிருக்கறாங்க, அந்தப் பூட்டு வேலை செய்யுதான்னு பாக்காம நான் ஒரு நாளும் ஒரு ஆளை உள்ள விட்டதில்ல. அங்க ஆக்சிஜன் இல்லாமப் போனா மனுசன் போயிருவான். இங்க பெட்ரோலு இல்லாமப் போனா? அவரேதான் சொன்னாரு, சூடு தாங்காம பிஸ்டனு உருகி ஓட்டை உழும், இல்லாட்டி பைப்புக்குள்ளயே வெடிச்சு பானட்டு பறக்கும், தீப்புடிக்கும்னு, மசால்பொரி தின்னுட்டே சொன்னாரு. பெட்ரோலு வரலைன்னா கேஸை நிறுத்தறதுக்கு இந்த வண்டில என்ன பூட்டு இருக்குது? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். ஒண்ணுமில்ல. நாந்தான் இருக்கறேன்.

டிக்கியைச் சாத்தற சத்தம். முன்னால வர்றாரு, பானட்டை எறக்கறாரு, ஸ்டார்ட் பண்ணுன்னு கையைக் காட்டறாரு, பண்றேன், இப்ப முழு மனுசனும் தெரியறாரு, நெத்தில வேர்வை, கண்ணுல ஒரு பளபளப்பு, அவருக்கும் ஆசைதான், பாக்கோணும்னு. கேட்டா என்னாகும்? "தயங்கறியா"ம்பாரு. தயக்கந்தான இது, வேற என்ன பேரு இதுக்கு? கேக்காம அமுத்தினா என்னாகும்? ஒண்ணும் ஆகாமப் போகலாம், ஜெட்டு சுத்தமா இருக்கலாம், நாளைக்கு நானு ஓட்டலாம். நூத்துக்குத் தொண்ணூறு சுத்தமாத்தான் இருக்கும். தேட்டர்லயும் நூத்துக்கு நூறு நாளும் மெஷின் சரியாத்தான இருக்குது, அப்பறம் எதுக்குடி தெனமும் பாக்கறே? வாயைத் தெறந்தா சீட்டு போச்சு. மூடினா என்ன போகும்னு தெரியல. சனியன் புடிச்ச சந்தனம், எனக்குன்னு வந்து சேருது பாரு. அழுகை வர்ற மாதிரி இருக்குது, கோவத்துல. ரெண்டு வருசமா ஒரு நாளும் அந்தக் கிரிப்பயலுக்கு இப்பிடி ஒரு சோதனை வந்திருக்குமா, அவன் கைய யாரு உத்துப் பாத்தாங்க, நடுங்குதா நடுங்குதான்னு? அவன் கேட்டா அது விவரம், நான் கேட்டா அது பயம்.

"ஏனுங்க."

"போலாம், போலாம். பெல்ட்டை நல்லா இழுத்துப் போட்டுக்க. ஒம்பது மணிக்கு ராகு காலம், அதுக்குள்ள அடிச்சுருவோம்."

"கேஸோட போற பெட்ரோலு வருதான்னு பாத்தீங்களா?"

"வராம எங்க போகும்? வண்டி ஓடிட்டுத்தான இருக்குது, காது கேக்கலியா?"

"வண்டிக்கு வர்றது வேற வழிங்க. நாஞ் சொல்றது அந்தச் சின்ன ஜெட்டு வழியா வர்றது. கழட்டி ஒரு பாட்டில்ல புடிச்சுப் பாத்துரலாம்."

ஜன்னல்ல கையை ஊனி என்ற மூஞ்சியை உத்துப் பாத்தாரு. அந்தப் பார்வையில கோவங்கூட இல்ல, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு, நான் நெனைச்சது சரியாப் போச்சுங்கற மாதிரி ஒரு இரக்கம். "பயமா இருக்குதா அம்மிணி? இருந்தா இருக்குதுன்னு சொல்லிரு, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல"ன்னாரு. "இருக்குது, ஆனா நாங் கேக்கறது அதில்ல"ன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு போனை எடுத்து, என்ற கண்ணு முன்னாலயே, "கிரி, மில்லுக்கு வந்துரு சாமி, ஆமா, நீதான் ஓட்டோணும்"னு சொல்லி வெச்சாரு. போச்சு. அவ்வளவுதான். வண்டியை ஆப் பண்ணிட்டு எறங்கினேன், எறங்கி நேரா டிக்கிக்குப் போயி கேஸு வால்வை நானே மூடினேன், தெனமும் மூடற கை. போனது போச்சு, தெரிஞ்சுட்டாச்சும் போறேன். "இப்ப கழட்டுங்க"ன்னேன். "எதுக்கு, அதான் கிரி"ன்னு ஆரம்பிச்சாரு. "கிரியும் ஒருத்தி பெத்த புள்ளைதான, கழட்டுங்க"ன்னு கத்தினேன் பாருங்க, கருவேலத்துல இருந்த காக்கா எல்லாம் எந்திரிச்சுப் போச்சு.

மொணங்கிட்டே கழட்டினாரு. நாசிலை வெளிய எடுத்து, தண்ணி பாட்டில் வாய்க்குள்ள திருப்பிப் புடிச்சுக்கிட்டு, சாவியை மட்டும் போடச் சொன்னாரு. பம்பு ஓடற சத்தம் கேட்டுச்சு. ஒயரை பேட்டரில தொட்டாரு, பெட்ரோல் வால்வு டக்குன்னு தெறந்துச்சு. பாட்டிலைப் பாத்தோம். டக். மறுக்கா டக். பாட்டிலுக்குள்ள ஒரு சொட்டு இல்ல, பாட்டிலைத் தாண்டி அந்தப் பக்கம் மில்லுச் செவுரு சுத்தமாத் தெரிஞ்சுது. அவரு நாசிலைப் பிரிச்சு ஜெட்டை எடுத்து, ஒத்தைக் கண்ணை மூடி வானத்தைப் பாத்துப் புடிச்சாரு, ரொம்ப நேரம் புடிச்சுட்டே நின்னாரு, அப்பறம் எங்கிட்ட நீட்டினாரு. நானும் பாத்தேன். வெளிச்சம் வரல. ஒயருல இருந்து மசுரு மாதிரி ஒரு செம்புக் கம்பியை உருவி மொள்ள விட்டாரு, மஞ்சளா பொடி பொடியா உதிந்துச்சு, அவரு உள்ளங்கையில. பெட்ரோல் நாத்தத்துக்கு நடுவால சந்தன வாசம்.

டயர் மேல சாஞ்சு தரையிலயே ஒக்காந்துட்டாரு. "கஸ்டமரு வண்டிக்கெல்லாம் பேட்டரிக்கு ஒரு பொட்டு, அதோட சரி வளரு. இருவது வருசமா அப்பிடித்தான்"னாரு. குரலே வேறயா இருந்துச்சு. "இது நீ ஒக்கார்ற வண்டியாச்சே. அதான் ஒண்ணு விடாம." எனக்கு அந்த நேரத்துல அவரைக் கட்டிப் புடிச்சுக்கறதா, அந்த உள்ளங்கையில ஒண்ணு போடறதான்னே தெரியல. ரெண்டும் பண்ணாம பக்கத்துல ஒக்காந்துட்டேன். ஜெட்டைப் பெட்ரோல்ல கழுவினாரு, ஊதினாரு, வானத்தைப் பாத்தாரு, இன்னொருக்கா கழுவினாரு. மாட்டி, மறுபடி பாட்டில்ல புடிச்சோம். டக். புஸ்ஸுன்னு பீச்சியடிச்சுது, பாட்டில் பூரா பனி மாதிரி.

கிரி பைக்குல வந்து எறங்கறப்ப அவரு டிக்கில கேஸு வால்வை மறுபடி தெறந்துட்டு வந்து பானட்டை மூடிட்டிருந்தாரு, நான் ஒதுங்கி நின்னுட்டிருந்தேன், பையன் ஹெல்மெட்டும் கையுமா, "என்னண்ணா, அக்கா ஓட்டலையா?"ன்னு கேட்டான். நான் மில்லுச் செவுத்தைப் பாத்தேன். "ஓட்டறாங்க. நீ அந்தத் தீயணைக்கற சிலிண்டரைப் புடிச்சுட்டு ரோட்டோரமா நில்லு"ன்னாரு இவரு, வாச்சைப் பாத்தாரு, ராகு காலம் ஆரம்பிச்சு நேரமாச்சு, வாச்சைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. "ஒக்காரு." எனக்குக் காதுல உழுந்தது நெசமான்னு தெரியல. "ஒக்காருன்னேன்ல." ஒக்காந்தேன். பெல்ட்டை அவரே இழுத்துப் போட்டாரு, மூச்சு முட்டுச்சு, சாவியைத் திருப்பினேன். மொத கியரு. ரெண்டாவது. மூணாவதுல நேரானதும் காலைத் தரையோட மிதிச்சேன், காத்தால இருந்து எத்தனை நெனைப்பு, சிலிண்டரு, மாஸ்க்கு, அடுப்பை அணைச்சனா, வருமா வராதா, அத்தனையும் கூடவே வந்துச்சு, கட்டைவிரலு பட்டன் மேல போச்சு, அமுத்தினேன். பின்னால இருந்து யாரோ ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளுனாங்க. சத்தம் மாறிப் போச்சு, அடித்தொண்டைல இருந்து கத்தற மாதிரி. ரோடு சுருங்கிப் போச்சு. எனக்கு ஒரு நெனைப்பும் இல்ல. மண்டைக்குள்ள அத்தனையும் காலி, என்ற பேரு கூட இல்ல, அப்பிடி ஒரு சுத்தம். விரலை எடுத்ததுக்கப்புறந்தான் ஒண்ணொண்ணா திரும்பி வந்துச்சு.

கேட்டுக்கிட்ட நிறுத்திட்டு ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டே ஒக்காந்திருந்தேன். அவரு அந்தக் கோடியில இருந்து ஓடி வந்தாரு, தொந்தி குலுங்க, செருப்பு ஒண்ணு வழியிலயே கழண்டு போச்சு. ஜன்னல்ல வந்து தொங்கினாரு. எஞ்சினைக் கேப்பாருன்னு பாத்தேன், கேக்கல. "எப்பிடி இருந்துச்சு?"

"சொல்லத் தெரியலீங்க."

"பயமா இருந்துச்சா?"

பொய் சொல்லலாமான்னு ஒரு நொடி யோசிச்சேன். "இருந்துச்சு."

"கை?"

ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு கையையும் எடுத்து அவரு முன்னால நீட்டினேன். இன்னும் நடுங்கிட்டிருந்துச்சு, வளையலு சத்தம் போடற அளவுக்கு. அவரு பாத்தாரு. பாத்துட்டு, அந்த ரெண்டு கையையும் தன்ற கைக்குள்ள வெச்சுப் புடிச்சாரு. அதுவும் நடுங்கிட்டுத்தான் இருந்துச்சு.

"நாளைக்கு வளையலைக் கழட்டி வெச்சுட்டு வா"ன்னாரு.